தங்கம் சிவக்கும்போது

2021 ஆகஸ்ட்டில் ஒரு காலை. பினாங்கில், ஆயர் ஈத்தாம் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று கோவிட் சோதனைக் கருவிகள் வரிசையாகக் கிடந்தன. அம்மாவுக்கு இரண்டு நாளாக இருமல். மூன்று பேரும் மூக்கில் குச்சி விட்டு, சொட்டு ஊற்றி, கால் மணி நேரம் காத்திருந்தோம். மூன்றிலும் ஒரே ஒரு கோடுதான். அம்மா பெருமூச்சு விட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா மட்டும் கருவியைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, அந்தச் சிவப்புக் கோட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன சாயம், பாப்பா?"

"சாயம் இல்லப்பா. தங்கம்."

அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் பத்தர் வேலை பார்த்தவர். தங்கத்தை உருக்கி, அடித்து, இழுத்து, உரைத்துப் பார்த்தே வாழ்ந்தவர். அவரிடம் போய் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டித் தங்கம் என்று சொன்னால் எப்படி நம்புவார்? ஆனால் மறுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன குந்துமணி இருக்கும்?" என்று கேட்டார். குந்துமணி என்பது பத்தர்கள் தங்கத்தை நிறுக்கும் சின்ன எடை. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காதுப்பா என்றேன். கருவியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நீ அங்க செய்யுற வேலை இதுதானா?" என்றார்.

ஆமாம், இதுதான். இருபது வருடத்துக்கு மேலாக நான் பார்க்கும் வேலை என்னவென்று அப்பாவுக்குப் பிடிபட்டது அந்தக் காலையில்தான். அவருக்கு அதற்கு முன்னால் நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளின் பெற்றோரும் அதையேதான் கேட்கிறார்கள், ஒளியைப் பற்றி ஆராய்ச்சி என்றால் தினமும் போய் என்னதான் செய்வீர்கள் என்று. சரி, எழுதியே விடுகிறேன்.

எங்கள் பட்டறை ஜோர்ஜ்டவுனில் லெபோ பசாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். கரி அடுப்பு, ஊதுகுழல், வெண்காரம், சாமணம், உரைகல், எல்லாம் அப்பா உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். எப்போதாவது கோயில் வேலை வந்தால் தங்க ரேக்கு வாங்கி வைத்திருப்பார். சின்னப் புத்தகம் போலத் தாள்களுக்கு இடையே வைத்து வரும், மூச்சு பட்டாலே பறந்துவிடும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது, கிழிந்துபோன ஒரு ரேக்கை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அப்பா என் கையில் கொடுத்தார். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெயிலைப் பார்த்தேன். சந்து முழுவதும் பச்சையாகத் தெரிந்தது. மஞ்சள் தங்கத்துக்குள் புகுந்து வந்த வெயில் பச்சையாக வந்தது. ஏன் என்று கேட்டேன். "ரேக்கு அப்படித்தாம்மா," என்றார். அவருக்குத் தெரிந்த பதில் அது, அப்போது அது எனக்குப் போதவும் செய்தது.

தங்க ரேக்கின் கனம் சுமார் 100 நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், எண்ணூறு ரேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு முடியின் அகலம் வரும். அவ்வளவு மெல்லியதாக அடித்தால் தங்கம் மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பிவிட்டுப் பச்சையைக் கொஞ்சம் உள்ளே விடும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி இதே ரேக்கை வைத்துத்தான் 1850-களில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது எனக்கு மிந்தெனில், அறிவியல் பல்கலைக்கழக நூலகத்தில், இளங்கலை இரண்டாம் ஆண்டில்தான் தெரியவந்தது. 1857-இல் அவர் வாசித்தளித்த கட்டுரையில் ரேக்கும் இருக்கிறது, தங்கம் கலந்த சிவப்புத் திரவமும் இருக்கிறது. தங்க உப்பைப் பாஸ்பரஸால் பிரித்து அந்தச் சிவப்பைச் செய்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுகிய தங்கத் துகள்கள்தான் அதில் மிதக்கின்றன என்று, அவற்றைப் பார்க்க எந்தக் கருவியும் இல்லாத காலத்திலேயே, சரியாகச் சொன்னார். அவர் செய்த புட்டிகளில் சில இன்னமும் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிவப்பு மாறாமல் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் படித்த மாலை நான் விடுதிக்குப் போகாமல் பேருந்து பிடித்துப் பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு தாலிக்கொடிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார், பேச முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

1996-இல் முனைவர் பட்டத்துக்கு இங்கிலாந்து போனேன். கண்ணால் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 400-இலிருந்து 700 நானோமீட்டர் வரை. ஒரு லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், அந்த அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இருக்கும் நுணுக்கத்தை அதனால் பிரித்துக் காட்ட முடியாது என்று எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1873-இல் சொல்லிவிட்டார். யேனா நகரில் அவருடைய நினைவுச் சின்னத்தில் அந்தச் சூத்திரத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளிக்கு வேலையே இல்லையா? உண்டு. ஒரு பொருளின் மேல் ஒளி விழும்போது அதில் ஒரு பங்குதான் கிளம்பி நம் கண்ணுக்கு வருகிறது. இன்னொரு பங்கு அந்தப் பொருளின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், எங்கும் போகாது, கொஞ்சம் தள்ளினால் அணைந்துபோகும். மிக நுணுக்கமான தகவல் எல்லாம் அந்த ஒட்டிக்கொண்ட ஒளியில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் தூரத்தில் லென்ஸ் வைத்துப் பயனில்லை, பக்கத்திலேயே போய் நிற்க வேண்டும்.

எட்வர்ட் சிங் என்ற அயர்லாந்துக்காரர் 1928-இலேயே இப்படிச் செய்யலாம் என்று ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதி, பிறகு கட்டுரையாகவும் வெளியிட்டார். செய்துகாட்ட அந்தக் காலத்தில் கருவி இல்லை. 1984-இல் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் டீட்டர் போலும் அவருடைய கூட்டாளிகளும் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு நுணுக்கத்தைக் காட்டினார்கள். போல் இதற்கு டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை உதாரணம் சொன்னார். இதயத் துடிப்பின் ஒலியலை மீட்டர் கணக்கில் நீளம், ஆனாலும் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துச் சில சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறார், ஏனென்றால் அவர் ஒட்டி வைத்துக் கேட்கிறார். இந்தத் துறையை விளக்க இதைவிட நல்ல உதாரணத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

என் வேலை அந்தக் குழலைச் செய்வது. கண்ணாடி இழை ஒன்றை லேசரால் சூடாக்கிச் சட்டென்று இழுத்தால் ஊசியைவிடக் கூரான முனை கிடைக்கும். அப்பா கம்பியச்சில் தங்கக் கம்பி இழுப்பதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு அந்த அசைவு அந்நியமாக இல்லை, எப்போது வேகம் கூட்ட வேண்டும் என்பது கைக்குச் சீக்கிரம் வந்தது. அப்புறம் முனையின் பக்கவாட்டில் அலுமினியம் பூசி, நுனியில் மட்டும் 100 நானோமீட்டருக்குக் குறைவான ஓட்டை விட வேண்டும். அந்த முனையைக் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கவையில் ஒட்டுவோம். நொடிக்கு 32,768 முறை அதிரும் சின்னக் கவை அது. முனை மேற்பரப்பை நெருங்கினால் அதிர்வு தணியும், அதை வைத்துத்தான் எவ்வளவு நெருங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். பத்து, பதினைந்து நானோமீட்டர் தூரம். கதவைச் சாத்தினாலே முனை உடையும். ஒரு நாளைக்கு நாலைந்து உடைந்தன. பதினான்கு மாதம் எனக்கு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலைக்கு வர நினைப்பவர்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. வீட்டுக்குப் போன் பண்ணும்போது அம்மா, "படிப்பு எப்படிம்மா போகுது?" என்பார். போகுதும்மா என்பேன். போகவில்லை. உடன் தொடங்கியவர்கள் மாநாட்டுக்குப் போய்வந்தார்கள், நான் முனை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மாதங்களில்தான் என் கை பழகியது. எந்த முனை தேறும் என்பது பார்த்ததுமே எனக்குத் தெரிய ஆரம்பித்தது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு விடியற்காலை, மூன்று மணி இருக்கும், திரையில் வரி வரியாக ஒரு படம் இறங்கியது. நெருக்கமாக அடுக்கிய சின்ன உருண்டைகளின் சந்துகளில் உலோகத்தைப் படியவைத்து, உருண்டைகளை அகற்றிய பின் மிஞ்சும் முக்கோணத் திட்டுகள். அவற்றின் ஓரங்கள் மட்டும் பளிச்சென்று எரிந்தன. உலோகத்தின் கூர்முனையில் ஒளி வந்து குவியும் என்று சமன்பாட்டில் எழுதியிருக்கிறேன், அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒரு படம் முடிய அரை மணி நேரம் ஆகும். அசையாமல் உட்கார்ந்திருந்தேன், நாற்காலியை நகர்த்தக்கூடப் பயம்.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, 1998 பிப்ரவரியில், தாமஸ் எப்பசனின் கட்டுரை வந்தது. வெள்ளிப் படலத்தில் அலைநீளத்தைவிடச் சின்ன ஓட்டைகளை ஒழுங்கான வரிசையில் போட்டால், ஓட்டைகளின் பரப்புக்கு நியாயமாகப் போக வேண்டிய ஒளியைவிட அதிகமான ஒளி அந்தப் பக்கம் போகிறது. உலோகத்தின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் சேர்ந்து அசைந்து ஒளியை ஏந்திக்கொண்டுபோய் ஓட்டை வழியாக விடுகின்றன. எங்கள் ஆய்வகத்தில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. எப்பசன் அதை ஜப்பானில் முதன்முதலில் பார்த்தது 1989-இல். விளக்கம் கிடைக்கும்வரை ஒன்பது வருடம் வைத்திருந்திருக்கிறார். இப்போது நாங்கள் ஒன்பது மாதத்தில் கட்டுரை வரவில்லை என்றால் கவலைப்பட ஆரம்பித்துவிடுகிறோம், அது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2001-இல் பினாங்குக்குத் திரும்பினேன். ஒளியைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தத் தீவில் வேலை இல்லாமல் இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து சில்லுகளும் எல்இடி விளக்குகளும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின, என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், என்னைவிட நல்ல சம்பளமும் வாங்குகிறார்கள். நான் கற்பிக்க வந்தேன். இங்கிலாந்தில் பழகிய கருவி இங்கே இல்லை, வாங்கப் பணமும் இல்லை. முதல் விண்ணப்பத்தைப் பார்த்த குழு, மூன்று வருடத்தில் சந்தைக்கு வருமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது. இரண்டாவதும் அப்படியே. எனக்கு இதில் கோபம் இன்னும் தீரவில்லை. அப்பா கையில் இருந்த கருவியின் சிவப்புக் கோட்டுக்கு ஃபாரடேயின் 1857 வேண்டும், தங்கத் துகள் ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்று குஸ்டாவ் மீ கணக்குப் போட்ட 1908 வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் எந்தச் சந்தைக்கும் அதைச் செய்யவில்லை. பயனைக் கேட்பது தப்பில்லை, முதல் வருடமே கேட்பதுதான் தப்பு.

சரி, கருவி இல்லையென்றால் குடுவை இருக்கிறது. கூர்முனையை இழுத்துச் செய்வதற்குப் பதில் துகள்களையே செய்து, அவற்றின் இடுக்கில் ஒளியைக் குவிப்போம் என்று மாறினேன். இரண்டு தங்கத் துகள்கள் ஒரு நானோமீட்டர் இடைவெளியில் நின்றால் அந்த இடுக்கில் ஒளி பல மடங்கு பெருகும். இதன் பயன் தெரிய சி. வி. ராமனிடம் போக வேண்டும். திருச்சியில் பிறந்தவர், ஒளிச் சிதறலில் ஒரு விளைவை 1928-இல் கல்கத்தாவில் கண்டுபிடித்தார், 1930-இல் நோபல். ஒரு மூலக்கூறின்மேல் ஒளி பட்டுச் சிதறும்போது ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு துளி மட்டும் நிறம் மாறி வரும், அந்த மாற்றத்தைப் பார்த்து அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். கோடியில் ஒன்று என்பதுதான் சிக்கல். 1974-இல் சௌதாம்டனில் ஃப்ளெய்ஷ்மனின் குழு, சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் ஒட்டிய மூலக்கூறுகளிலிருந்து பலமான ராமன் ஒளி வருவதைப் பார்த்தது. பரப்பு கூடியதால் கூடியது என்று நினைத்தார்கள். 1977-இல் அமெரிக்காவில் வான் டைனின் குழுவும் இங்கிலாந்தில் இன்னொரு குழுவும் கணக்குப் பார்த்தபோது, பரப்பால் மட்டும் வரக்கூடியது இல்லை இது, லட்சம் மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சொரசொரப்பின் இடுக்குகளில் ஒளி குவிந்திருக்கிறது.

நான் அதை வைத்துக் காய்கறித் தோலில் ஒட்டியிருக்கும் திராம் என்ற பூஞ்சைமருந்தைக் கண்டுபிடிக்க முயன்றேன். திராமில் கந்தகம் உண்டு, கந்தகத்துக்குத் தங்கத்தின்மேல் நல்ல பிடிப்பு. சுத்தமான தண்ணீரில் கரைத்த திராம் அழகாகத் தெரிந்தது. சந்தையில் வாங்கிய தக்காளித் தோலில், தோலிலிருக்கும் மெழுகும் மற்றதும் முந்திக்கொண்டு தங்கத்தில் ஒட்டின. நாலு வருடம் அதிலேயே போனது. ஓரளவுக்குச் சரிசெய்தோம், முழுசாக இல்லை.

நடுவில் ஒரு முறை இரண்டு வாரத்துக்கு எந்தக் குடுவையும் சிவக்கவே இல்லை. எல்லாம் கருத்துப்போயின. நிபோங் திபாலிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, "டாக்டர், நான் அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன்," என்று கண் கலங்க நின்றாள். அளவு சரிதான். சுத்திகரித்த நீர் தரும் இயந்திரத்தின் வடிகட்டி மாற்றும் தேதி தாண்டியிருந்தது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பது அவற்றின் மேலிருக்கும் மின்னூட்டத்தால்தான். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் அந்த விலகல் போய், கூடிக் கட்டிபட்டுவிடும். அதை அவளேதான் கண்டுபிடித்தாள், குழாய்த் தண்ணீரில் வேண்டுமென்றே ஒன்று செய்து பார்த்து. இப்போது பாயான் லெப்பாஸில் எல்இடி சோதனைப் பிரிவில் இருக்கிறாள்.

2022-இல் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு அப்பா ஆய்வகத்துக்கு வரவேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை கூட்டிவந்தேன். உள்ளே நுழைந்ததுமே நின்றுவிட்டார். புகைபோக்கிப் பெட்டிக்குள் மாணவன் ஒருவன் இராஜ திராவகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தான், அதன் நெடி லேசாக இருந்தது. "நம்ம கடை வாசனை," என்றார். ஒரு பங்கு நைட்ரிக், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், அதே அளவுதான் என்றதும் தலையாட்டிவிட்டு, அந்தப் பையனிடம் போய், "தம்பி, மூக்கக் கிட்ட கொண்டுபோகாதீங்க," என்று சொன்னார்.

அவருக்கு முன்னால் செய்துகாட்டினேன். டர்கெவிச் என்பவர் 1951-இல் சொன்ன முறை. தங்க உப்பு கரைத்த நீர் 20 மில்லிலிட்டர், வெளிறிய மஞ்சள். கொதிக்கவிட்டு, காந்தக் குச்சி சுற்றிக்கொண்டிருக்கும்போது சிட்ரேட் கரைசல் 2 மில்லிலிட்டர் விட்டேன். மஞ்சள் போய் வெறும் தண்ணீர் போல ஆனது. அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கப்பா என்றேன். அப்புறம் மை கலந்தது போல ஒரு கருநீலம் வந்தது, கெட்டுப்போச்சு என்று நினைத்து அவர் முன்னால் குனிந்தார், அது ஊதாவாகி, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதுளைச் சாறு போலச் சிவந்துவிட்டது. ஒவ்வொரு துகளும் 20 நானோமீட்டருக்குப் பக்கம், அதற்குள் இரண்டரை லட்சம் தங்க அணுக்கள் இருக்கும். அவற்றின் எலெக்ட்ரான்கள் எல்லாம் வாளித் தண்ணீர் தளும்புவது போலச் சேர்ந்து தளும்பும், அந்தத் தளும்பல் பச்சை ஒளி அதிரும் வேகத்தோடு ஒத்துப்போவதால் பச்சையை விழுங்கிவிட்டுச் சிவப்பை விட்டுவிடும். ரேக்கு பச்சையை உள்ளே விடும், துகள் பச்சையை விழுங்கும். எட்டு வயதில் கேட்ட கேள்விக்கான பதிலை அப்பாவிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுலேர்ந்து தங்கத்தத் திரும்ப எடுக்க முடியுமா?" என்றார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். சிவப்பு கணத்தில் நீலமாகி, கருத்து, மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது அடியில் பொடியாக இறங்கத் தொடங்கியிருந்தது. இதை வடித்து உருக்கினால் தங்கம்தான் என்றேன். 4 மில்லிகிராம், முப்பது குடுவை சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு குந்துமணி. "அப்போ தங்கம்தான்," என்றார். அப்புறம், "மிச்சத்த எங்க ஊத்துறீங்க?" என்று கேட்டார். கழிவுப் புட்டியில் சேர்த்து, எடுத்துப்போகும் ஆட்களிடம் கொடுத்துவிடுவோம் என்றேன். அவர் முகம் மாறியது. பட்டறையில் தரையைக் கூட்டிய தூசியைக்கூட அவர் வெளியே போட்டதில்லை, வருடக் கடைசியில் எரித்து, கழுவி, அதிலிருந்து வரும் தங்கத்தை எடுத்துவிடுவார்.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் தங்கக் கழிவுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. மாணவர்கள் கெட்டுப்போனதையும் மிஞ்சியதையும் அதில்தான் ஊற்ற வேண்டும். போன வாரம் போன் பண்ணும்போது அம்மாவிடம் பேசி முடித்ததும் அப்பா வாங்கிக் கேட்டார், "ஜாடி எதுவரைக்கும் வந்திருக்கு?" பாதிக்கு வந்திருக்கிறது என்றேன்.